பச்சைப் பட்டை

சர்வரில் ஒரு வேலையை ஓடவிட்டுவிட்டு டெர்மினல் விண்டோவை மூடினால் என்ன ஆகும்? யூனிக்ஸின் பழைய பதில், வேலையும் செத்துவிடும். அப்போது போகும் சமிக்ஞைக்கு 'ஹேங்அப்' என்று பெயர். தொலைபேசி வழியாக மோடத்தில் இணைந்த காலத்துப் பெயர் அது. எதிர்முனையில் ஆள் போனை வைத்துவிட்டார், இனி யாருக்காக ஓடுவது என்கிற நியாயம் அதில் இருக்கிறது.

இந்த நியாயம் போதாதவர்களுக்கு 1987இல் ஸ்கிரீன் வந்தது, 2007இல் டிமக்ஸ். நமக்கும் வேலைக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும் மென்பொருள்கள் இவை. நாம் போனாலும் வேலை ஓடும். மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சைபர்ஜெயாவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆறு மணி நேரமாக ஓடிய டேட்டாபேஸ் மாற்றத்தை வீட்டு வைஃபை அறுந்து இழந்தேன். இனி யாருக்கும் இது நடக்கக்கூடாது என்று எல்லா சர்வரிலும் சில வரிகளைச் சேர்த்தேன். லாகின் ஆனதும் டிமக்ஸ் தானே திறந்துகொள்ளும். திரையின் அடியில் வரும் பச்சைப் பட்டை கண்ணை உறுத்துது என்று ஒருவர் சொன்னார். அதையும் மறைத்தேன். யாருக்கும் மெயில் போடவில்லை. நல்லது செய்வதற்கு எதற்கு மெயில்?

போன வருடம், புதிதாகச் சேர்ந்த மலாய்த் தம்பி ஒருவன் பழைய லாக் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்டைத் தவறான ஃபோல்டரில் ஓடவிட்டான். பதறிப்போய் விண்டோவை மூடினான். படபடப்பு அடங்க கீழே போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்தான். அந்த நாற்பது நிமிடமும் ஸ்கிரிப்ட் பொறுமையாக அழித்துக்கொண்டிருந்தது. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் டெஸ்டிங் குழுவின் ஒரு நாள் உழைப்போடு போயிற்று. "நான் நிறுத்திட்டேன் பாங்" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் நிறுத்தத்தான் செய்தான். மூடுவது என்றால் நிறுத்துவது என்று சரியாகப் படித்து வந்தவன். அந்தச் செயலின் அர்த்தத்தை அவனுக்குத் தெரியாமல் மாற்றி வைத்தவன் நான்.

டிமக்ஸ் நல்லதா கெட்டதா என்பதல்ல என் குழப்பம். 2016இல் சிஸ்டம்டி நேரெதிராக, பயனர் வெளியேறினால் அவர் விட்டுப்போன வேலைகளையும் கொல்வதை இயல்புநிலையாக்கியது. டிமக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். டெபியன் அதை அணைத்து வைத்தது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் உடலுறுப்பு தானமே இப்படித்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை சம்மதம் என்று கொள்ளும் 1987ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 21 வயது நெருங்கும்போது வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. நான் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. போதாததற்கு, அதன் வேலையைச் செய்திருக்கக்கூடிய பச்சைப் பட்டையையும் பிடுங்கிவிட்டேன்.

மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மேனேஜரிடம் தனியாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "டிமக்ஸ் நல்லதுதானே? அவன் கண்ட்ரோல்-சி அடிச்சிருக்கணும்." வார்னிங் லெட்டர் ஏற்கெனவே அவன் பெயரில் போயிருந்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை.

பட்டையைத் திரும்பப் போட்டுவிட்டேன். லாகின் செய்ததும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி அறிவிப்பு வருகிறது. தம்பி இப்போது எந்த விண்டோவை மூடுவதற்கு முன்னும் என் மேசைக்கு வந்து கேட்கிறான்.