அன்பும் கருவியும்

உயிர்கள் ஒன்றையொன்று விரும்புதலும் வெறுத்தலும் உயிரின் செயலோ, உடம்பின் செயலோ என்னும் வினா தொன்மையானது. உடம்பின் வேறாக உயிரில்லை என்பார்க்கு மெய்கண்டார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தால் விடையிறுத்தருளினார். இக்காலத்து உயிர்நூலாராய்ச்சி அவ்வினாவைப் புதியதொரு வடிவில் எழுப்புகின்றது.

வட அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்னும் ஒருவகை எலி வாழ்கின்றது. அதன் ஆணும் பெண்ணும் இணையாகக் கூடிவாழ்ந்து, இரண்டுமே குட்டிகளைப் பேணும். அதற்கு நெருங்கிய இனமாகிய மெடோ வோலின் ஆணோ அவ்வாறு ஒரு துணையைப் பற்றி நில்லாது. 1993-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியில், வாஸொப்ரெஸ்ஸின் என்னும் ஹார்மோனைப் பிரெய்ரி வோலின் மூளையிற் செலுத்தியபோது, இன்னுங் கூடாத ஆணும் ஒரு பெண்ணைத் துணையாகப் பற்றிற்று. அயலாக வந்ததனைச் சினந்து தாக்கிற்று. அச்சுரப்பின் செயலைத் தடுத்தபோது, கூடிய ஆணிடத்தும் அவ்விரண்டும் தோன்றவில்லை. 2004-இல், அச்சுரப்பை ஏற்கும் உறுப்புக்களை மெடோ வோலின் முன்மூளையில் மிகுவித்தபோது, அவ்வாணும் தன் துணையையே நாடிற்று.

இவை கொண்டு, "அன்பென்பது மூளையிற் சுரக்கும் ஒரு நீரே, உயிரென ஒன்று வேண்டா, ஆகவே நல்வினை தீவினை எனப் பகுத்தலும் வீண்" எனின், அற்றன்று. நெய் குறைந்தவழி விளக்கு மங்கக் காட்சியும் மங்கும். அதனாற் காண்பது நெய்யே எனக் கூறுவாரிலர். ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு மாயையின் காரியமாகிய உடம்பு விளக்காய் நின்று உதவும் என்பது சித்தாந்தம். கருவி திரியச் செயல் திரிதல் கருவியின் இன்றியமையாமையைக் காட்டுமேயன்றிக் கருத்தாவின் இன்மையைக் காட்டாது.

அற்றேல், ஆராய்ச்சியே உயிருண்மையை நாட்டும் எனலாமோ எனின், அதுவும் பொருந்தாது. இணைப்பற்றுக்கு இன்றியமையாததென நெடுங்காலங் கருதப்பட்ட ஆக்ஸிடோஸினை ஏற்கும் உறுப்பு இல்லாத பிரெய்ரி வோல்களும் துணையைப் பற்றி வாழ்ந்தமை 2023-இல் வெளிப்பட்டது. ஒரு கருவி இல்வழிப் பிறிதொரு கருவி உதவுதல் கூடுமாதலின், இதுகொண்டு உயிரை நிறுவப் புகுதல் வேண்டா. என் உடம்பு, என் மனம், என் விருப்பு எனத் தன்னின் வேறாக வைத்துணரும் அறிவே அதற்குச் சான்றாம்.

இவ்வாராய்ச்சியிற் சைவர் சிந்திக்கற்பாலது பிறிதொன்றுண்டு. துணையைப் பற்றுவித்த அச்சுரப்பே அயலதனைத் தாக்குவித்தது. விருப்பும் வெறுப்பும் ஒரு கயிற்றின் இருதலை. என் மகவு, என் குலம், என் கூட்டம் என இறுகப் பற்றுந்தோறும் ஏனையோர் அயலாராகின்றனர். இங்ஙனம் எல்லையுட்பட்டு எழுவது பாசமே. அதனை அன்பென மயங்கி நிறைவெய்துதல் அடியார்க்கு ஏலாது. விலங்கு எழுந்தவழியே செல்லும். மக்கட்பிறவி எய்திய உயிரோ, சினம் எழும்போதே 'இஃது என்பால் எழுந்தது' என அறிந்து அடக்கவும் வல்லது. வினைக்குப் பொறுப்பு ஆண்டே பிறக்கின்றது.

எனினும் அச்சிறு பற்றும் இகழற்பாலதன்று. உடம்பையும் கருவிகளையும் உயிர்க்குக் கூட்டியவன் இறைவனே. தன்னையன்றிப் பிறிதறியாது கிடந்த உயிர், துணைக்கும் குட்டிக்கும் இரங்கும் அவ்விடத்தே முதற்படி ஏறுகின்றது. அவ்விரக்கம் எலியினிடத்துங் காணப்படுதலின், அதுவும் நம்மோடொத்த ஓருயிரே எனத் தெளிந்து அதற்கும் இரங்குதல், அடுத்த படியாம். தமர் பிறர் என்னும் எல்லை தேயத் தேய, பற்று அருளாய்க் கனியும்; அவ்வருளே சிவனடிக்குச் செலுத்தும்.