நிறுத்து, நான் நடிக்கிறேன்

பிரேசிலின் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த விவாத அரங்கு என்ற நாடக முறையில், பிரச்சினை முற்றும் இடத்தில் பார்வையாளர் "நிறுத்து" என்பார். சிக்கலில் மாட்டிய பாத்திரமாகத் தானே மேடையேறி வேறு வழி தேடுவார். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி நாடகக் குழு இதைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது.

நம் மாத்தூர் எம்.எம்.டி.ஏ.விலும் இதற்கு ஒரு தெருமுனை போதும். கிரிக்கெட்டில் ஒரு ரன்னுக்காகத் தொடங்கும் வாய்ச்சண்டை "உன் ஏரியா, என் ஏரியா" என்றாகி, கை கத்தியைத் தேடும் அந்த நொடியைப் பையன்களே நடிக்கட்டும். வசனமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்தால் அது பிரசங்கமாகிவிடும். அடித்தவன் ஒருமுறை அடிபட்டவனாக நடிக்கட்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடியக் காத்திருக்கும் அம்மாவின் வேடத்தையும் அவனே போடட்டும்.