பிறர் மனச்சான்றும் நாமும்

துன்புற்றோர் எல்லாரும் விடுதலை வேண்டுகின்றனர். அது கைக்கு வந்தபின், தம்மோடு மாறுபடுவோர்க்கும் அதில் பங்களிக்க எத்துணைப் பேர் முன்வருகின்றனர்? பிழையென்று நாம் உறுதியாய் நம்பும் ஒரு கொள்கையை உடையவன் நம் அண்டை வீட்டில் வாழ்வானாயின், அவனுக்கு நாம் செய்ய வேண்டுவது யாது? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்த ஒருவரைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

அவர் பெயர் ராஜர் வில்லியம்ஸ். 1603ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, கிறித்தவ சமய போதகரானவர். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை இன்னும் தூய்மை பெற வேண்டும் என்று வற்புறுத்திய பியூரிட்டன்கள், அக்காலத்தில் பல இன்னல்களுக்கு உள்ளாயினர். அவர்களுள் பல்லாயிரவர் தாயகம் துறந்து, கடல் கடந்து, அமெரிக்காவில் குடியேறினர். வில்லியம்ஸும் தம் துணைவியார் மேரியுடன் 1631 பிப்ரவரியில் மசாசூசெட்ஸ் கரையை அடைந்தார்.

சமயத்திற்காக நாடு துறந்தோர் அமைத்த குடியேற்றம் அது. அங்கே மாற்றுக் கருத்துக்கு இடமிருந்திருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. சேலம் நகரத் திருச்சபையில் போதித்து வந்த வில்லியம்ஸ், மனிதன் இறைவனை வணங்கும் முறையில் தலையிட அரசுக்கு உரிமையில்லை என்றார். பழங்குடியினரின் நிலத்தை அவர்களிடம் விலைகொடுத்து வாங்காமல், ஆங்கில மன்னர் பிறர்க்கு வழங்குவது அறமாகாது என்றும் கூறினார். 1635 அக்டோபரில் அவரை நாடு கடத்த ஆணை பிறந்தது. மறு ஆண்டு ஜனவரியில், தம்மைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப் போகின்றனர் என்றறிந்து, கடும்பனியில் வீட்டைவிட்டு வெளியேறினார். அக்குளிர்காலத்தில் அவருக்குப் புகலிடம் தந்தவர்கள் வாம்பனோவாக் பழங்குடியினர். பின்னர் நாரகன்செட் தலைவர்கள் அளித்த நிலத்தில் அவர் ஓர் ஊரை நிறுவி, இறைவனின் பாதுகாப்பை நினைந்து அதற்குப் பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார். ரோட் ஐலண்ட் குடியேற்றத்தின் தொடக்கம் அதுவே.

அவரை எதிர்த்து வாதிட்டவருள் தலையாயவர் பாஸ்டன் திருச்சபையின் ஜான் காட்டன். கல்வியிலும் பக்தியிலும் சிறந்த அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, முறையன்று. அவரது வாதம் இதுதான்: மனச்சான்றுக்காக ஒருவனைத் தண்டித்தல் தவறே. ஆனால் சமயத்தின் அடிப்படை உண்மைகள் மிகத் தெளிவானவை. அறிவோர் எடுத்துரைத்த பின்னும் ஒருவன் அவற்றை மறுப்பானாயின், அவன் தன் மனச்சான்றுக்கே மாறாக நடக்கின்றான். எனவே அவனைத் தண்டிப்பது துன்புறுத்தலாகாது!

இவ்வாதம் எந்தச் சமயத்தார் நாவிலும் எளிதில் வந்து அமரக்கூடியது. "இத்துணைச் சொல்லியும் கேட்கவில்லை என்றால், அது பிடிவாதமே" என்று நாமும் எத்தனை முறை முடிவு கட்டியிருக்கின்றோம்! மாற்றானின் உள்ளத்தைத் திறந்து பார்த்துவிட்டவர்போல் பேசுகின்றோம். வில்லியம்ஸ் அந்த இடத்தில்தான் தடுத்து நின்றார். உள்ளத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. வற்புறுத்தலால் விளைவது நம்பிக்கையன்று, பாசாங்கே என்பது அவர் முடிபு. 1644இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் இதனை விரிவாய் உரைத்தது. அந்நூலைத் தீயிலிடுமாறு ஆங்கில நாடாளுமன்றம் ஆணையிட்டது.

யூதருக்கும் துருக்கியருக்கும்கூட இவ்வுரிமை உண்டு என்று அந்நூலில் அவர் எழுதினார். அக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களைத் துருக்கியர் என்றே பொதுவாகச் சுட்டினர். 1655இல் தம் ஊரார்க்கு எழுதிய மடலிலும் அவர்களைக் குறிப்பிட்டார். பல சமயத்தார் பயணம் செய்யும் ஒரு கப்பலில், எவரையும் கப்பலின் வழிபாட்டுக்கு வரும்படி வற்புறுத்தலாகாது. அவரவர் வழிபாட்டைத் தடுக்கவும் ஆகாது. எனினும் கப்பலைச் செலுத்தவும், அமைதியைக் குலைப்போரைத் தண்டிக்கவும் தலைவனுக்கு அதிகாரம் உண்டு என்று அதில் விளக்கினார். நம்மவர் சமயத்தை அவர் ஏற்றவரல்லர். அதனைப் பிழையென்றே கருதியவர். அப்படிப்பட்டவர் அக்கப்பலில் நமக்கும் இடம் ஒதுக்கினார் என்பதே நாம் கருதத்தக்கது.

இதற்கும் கடுமையான சோதனை குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரால் வந்தது. 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் அவர்களுள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை வெளியேற்றுமாறு அண்டைக் குடியேற்றங்கள் 1657இல் கேட்டபோது ரோட் ஐலண்ட் மறுத்துவிட்டது. வில்லியம்ஸுக்கு அவர்களின் கொள்கையில் உடன்பாடு இருந்ததோ? இல்லை, கடும் வெறுப்பே இருந்தது. 1672இல், எழுபதை நெருங்கிய வயதில், தாமே படகு வலித்து நியூபோர்ட் சென்று அவர்களோடு மூன்று நாள் வாதிட்டார். பின்பு பிராவிடன்ஸிலும் ஒரு நாள் வாதிட்டார். சொல்லால் அவர்களைச் சாடியவர், சிறையையும் தூக்குமரத்தையும் நாடவில்லை.

அவரைக் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. 1676இல் நடந்த போரில் பிராவிடன்ஸ் எரிந்தது. அவர் வீடும் எரிந்தது. அதன்பின் பழங்குடிக் கைதிகளை அடிமைப் பணிக்கு விற்ற ஊர்க்குழுவில் அவரும் இருந்தார். பனிக்காலத்தில் தம்மைக் காத்த மக்களின் இனத்தார்க்கு அவர் செய்த இந்தத் தீங்கை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. மனச்சான்றின் உரிமையை அத்துணைத் தெளிவாகக் கண்டவரும், போரின் சினத்தில் மனிதனின் உரிமையை மறந்தார். 1683இல் அவர் மறைந்தார்.

கொள்கையில் உறுதியுடையோர்க்குப் பொறுமை இராது என்றும், பொறுமையுடையோர்க்குக் கொள்கை இராது என்றும் பலர் எண்ணுகின்றனர். வில்லியம்ஸின் வாழ்வு இதனை மறுக்கின்றது. தம் நம்பிக்கையில் ஓர் அணுவும் தளராமலே அவர் மாற்றாருக்கு இடம் தந்தார். நமக்கு உடன்பாடான கருத்தைப் பொறுத்துக் கொள்வதில் பெருமையில்லை. பிழையென்று நாம் அறிந்ததை, அன்போடு எடுத்துச் சொல்லிய பின், முடிவை இறைவனிடம் விட்டு விலகி நிற்க நம்மால் இயலுமா? நம் வீட்டிலும் ஊரிலும் ஒருவர் மாறுபட்டு நிற்கும் நாளில், இவ்வினாவை நாம் நம்மிடமே முதலில் கேட்டுக் கொள்வோமாக.