விழாதிருப்பதே பாதுகாப்பா?

முதியோர் இல்லமொன்றில் எவரும் விழுவதில்லையெனில் அதனைச் சிறந்த இல்லமென்று நாம் கொள்ளலாமா? எழவே விடாமல் கட்டிலோடு பிணைத்து வைத்தாலும் எவரும் விழமாட்டார்கள் அன்றோ! ஆனால், அசையாத உடலில் படுக்கைப் புண் தோன்றும். நடவாத கால்கள் வலுவிழக்கும். ஏவலுக்கே பழகிய மனம் வாய்மூடிப் போகும்.

மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லங்கள் அமைக்க நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. அவற்றின் தரத்தை விதிகளால் வகுக்கவும் அதில் இடமுண்டு. எனினும், எழ விரும்பும் முதியவருக்குத் தோள்கொடுக்க நள்ளிரவில் ஆளுண்டா என்பதை ஏடுகள் எப்போதும் சொல்லிவிடா. அடிக்கடி சென்று பார்க்கும் பிள்ளைகளின் கண்களே கண்டுபிடிக்கும்.

கட்டணம் செலுத்தியதோடு நம் கடமை தீர்வதில்லை. அஞ்சாமல் எழவும், தடுமாறினால் தாங்கவும் துணையுள்ள இடமே பாதுகாப்பான இடம்.