அமைதியின் கூலி

எங்க ஊர்ப்பக்கம் ஒரு கண்மாய் இருக்கிறது. சிவகாசியிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். பெயர் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொன்னதே போதும்.

மூன்று வருடமாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். பெரிய ஆளெல்லாம் கிடையாது. ஒரு எபிசோடை ஐநூறு பேர் கேட்டால் அன்றைக்கு நண்பர்களுக்கு டீ என் செலவு. விருதுநகர் மாவட்டம் என்றாலே வெயில், வேலிக்கருவை, பட்டாசு என்று நினைப்பவர்களிடம், 'இங்கயும் தண்ணி இருக்கு, வந்து கேளுங்க' என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். பிளவக்கல் அணைப்பக்கம் மலையடிவாரத்து மழை, வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தில் விடியற்காலை வலை இழுக்கிற சத்தம். இப்படி ஊர் ஊராகப் போய் ரெக்கார்டரை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

அந்தக் கண்மாய் எபிசோட் மட்டும் கொஞ்சம் ஓடியது. பெயர் சொல்லி, எந்த மண்பாதையில் திரும்ப வேண்டும் என்று வழியும் சொல்லியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் கரையெல்லாம் பாட்டில், கேக் வெட்டிய அட்டை. மடைக்குப் பக்கத்தில் நாலு பேர் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதானய்யா இந்த எடத்தப் பத்திப் பேசுனது? நல்லாத்தான் பேசிருப்ப. பேசிட்டு நீ போயிட்ட" என்றார். அதில் கோபம்கூட இல்லை.

ஓர் இடத்தின் அழகை ஊருக்குச் சொல்கிறவனுக்கு அந்த இடத்தின் மேல் என்ன கடமை? எனக்கு முதலில் தோன்றிய பதில், பெயரை மறைத்துவிடுவது. யோசித்தால் அது சரியான பதில் மாதிரித் தெரியவில்லை. கண்மாய் ஆயக்கட்டு விவசாயிகளுடையது, ஊருடையது. எனக்குத் தெரியலாம், உனக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்ய நான் யார்? மறைப்பதும் ஒருவகையில் பட்டா போட்டுக்கொள்வதுதான். (பிறகு ஏன் இங்கே பெயர் சொல்லவில்லை என்று கேட்கலாம். நியாயம். பயம்தான்.)

அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. பெயரும் வழியும் எல்லாருக்கும் தெரிந்தும் கெடாமல் இருக்கிற நீர்நிலை ஏதாவது இருக்கிறதா? அதைத் தேடித்தான் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போனேன்.

சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். மதுரையிலிருந்து மேலூர் வழியாகப் போக வேண்டும். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்த்து 38.4 ஹெக்டேர்தான். 1977 ஜூனில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் அங்கே கருவேல மரங்களில் கூடு வைக்கும். கூட்டில் இருப்பவை பயந்துவிடும் என்று அந்த ஊரில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. தீபாவளிக்கு வனத்துறை இனிப்பு கொடுத்து நன்றி சொல்லும். செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருகிற துணுக்கு இது. நீங்களும் படித்திருப்பீர்கள்.

நான் போனது தீபாவளி அன்றைக்கே. தீபாவளியன்று சிவகாசிக்காரனுக்கு வேலை இல்லை. எங்கள் சரக்கெல்லாம் அதற்கு முன்பே லாரி ஏறியிருக்கும். அந்த வருடம் மழை முன்னாடியே வந்திருந்ததால் மரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. வளர்ந்த நாரைகள் பெரும்பாலும் குரல் எழுப்புவதில்லை. அலகை அலகோடு தட்டித்தான் பேசிக்கொள்ளும். டக் டக் டக் என்று ஒரு மரத்தில் ஆரம்பித்து அடுத்த மரத்துக்குப் போகும். ஹெட்போனில் அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மை.

கரையில் நின்ற ஒரு அக்காவிடம் கேட்டேன், பிள்ளைகள் அழாதா என்று. "அழுவுந்தான். ரெண்டு வருசம் அழுவும். அப்புறம் அதுவே சின்னதுகளுக்குச் சொல்லிரும்" என்றார். எந்த ஊரு தம்பி என்று திருப்பிக் கேட்டார். சிவகாசி என்றேன். சிரித்துவிட்டார்.

இதுவரை கதை நன்றாகத்தான் போகிறது. எபிசோடுக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் இடித்தது.

என் அம்மா பயர் ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் சரவெடி பின்னியவர். கூலி எண்ணிக்கைக்குத்தான். விரல் போகிற வேகத்தில் கண் போகாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், அதையும் இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். சின்னக் குழந்தைகளின் நுரையீரலுக்காக அவர்கள் பெயரிலேயே அப்பாக்கள் 2015இல் தொடுத்த வழக்கு அது. தப்பு சொல்ல முடியாது. டெல்லிக் காற்றை நானும் ஒரு வாரம் சுவாசித்திருக்கிறேன். ஆனால் 'சரவெடி கூடாது' என்ற இரண்டு சொல்லில் என் அம்மாவின் கைத்தொழில் முடிந்தது. அதன்பிறகு பெட்டி ஒட்டப் போனார். கூலி பாதி.

அம்மா சத்தத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பகலில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்த மாட்டார்கள். தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அடுத்த நொடி எல்லார் கையிலும் போன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்கு லைன் கிடைக்காமல் தவித்த ஒவ்வொரு வீட்டிலும் அமைதி என்றால் என்ன என்று தெரியும். ஒரு நாள் முழுக்கச் சத்தம் இல்லை என்றால் யாரும் சாகவில்லை என்று பொருள்.

ஆக, நான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பதிவு செய்த அமைதி தானாக அங்கே கிடக்கிற பொருள் அல்ல. யாரோ எதையோ விட்டுக்கொடுத்து உண்டாக்குவது. கொள்ளுகுடிப்பட்டிப் பிள்ளைகள் ஒரு நாள் ஆசையை விட்டுக்கொடுக்கிறார்கள். அது அவர்களே எடுத்த முடிவு. வேடந்தாங்கலிலும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் எழுத்தில் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அன்பும் உண்டு, கணக்கும் உண்டு. எனக்கு அதில் குறையாக எதுவும் தெரியவில்லை. இழப்பையும் லாபத்தையும் ஒரே ஊர் அனுபவித்தது.

சிவகாசியில் அந்தக் கணக்கு உடைகிறது. காற்று சுத்தமாவது ஒரு ஊரில், கூலி குறைவது இன்னொரு ஊரில். விட்டுக்கொடுத்தவரை யாரும் கேட்கவில்லை, இனிப்பும் கொடுக்கவில்லை. அப்படியானால் தீர்ப்பு அநியாயமா? அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு குழந்தையின் மூச்சையும் ஒரு அம்மாவின் கூலியையும் ஒரே தராசில் வைக்கச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். குழந்தைக்கு மூச்சு வேண்டும் என்பது சரி. அதற்கான பில்லை நாள்கூலிக்காரியிடம் நீட்டியது சரியில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர்களுக்கு ஒன்று போதும். இயற்கை ஆர்வலர்களிடம் பேசினால் முதல் பாதிக்குக் கைதட்டு, ஊரில் பேசினால் இரண்டாம் பாதிக்கு.

பெர்னி க்ராஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் 1988இல் சியரா நெவாடா மலையின் ஒரு புல்வெளியைப் பதிவு செய்தார். பிறகு அங்கே மரங்களைப் பொறுக்கி எடுத்து வெட்டினார்கள். மறு வருடம் போனபோது, போட்டோவில் இடம் அப்படியே இருந்தது. பதிவில் பறவைகள் கிட்டத்தட்ட இல்லை. கண்ணுக்குத் தப்பியது காதில் விழும் என்பதற்கு இதைப் பலமுறை என் நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறேன். என் பதிவில் எது விழாமல் போகிறது என்று நான் யோசித்ததில்லை. சரம் பின்னுகிற கைக்குச் சத்தம் கிடையாது. அது நின்றபோதும் எந்த மைக்கிலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஊருக்குத் திரும்பிய அன்றைக்கு ராத்திரி அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். நாரைகள் தட்டிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக் கேட்டார்.

"என்னப்பா இது, நமுத்துப்போன சரம் மாதிரி இருக்கு?"

நாரை என்றேன். ஊர்ப் பழக்கத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுபடி கேட்டார். கழற்றிக் கொடுக்கும்போது, "நல்ல சனங்கதான்" என்றார். பிறகு, "அப்ப அவுங்க நம்மகிட்ட ஒண்ணுமே வாங்க மாட்டாங்களா?"

வாங்க மாட்டார்கள் என்றேன். "அந்த ஊரு மட்டுந்தானே?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

ரெக்கார்டரை அணைக்க மறந்திருந்தேன். எபிசோடில் இப்போது கொள்ளுகுடிப்பட்டியின் பெயர் இருக்கிறது, மேலூர் ரோடு இருக்கிறது, கடைசியில் அம்மாவின் இரண்டு கேள்வியும் இருக்கிறது. அம்மாவிடம் கேட்காமல் போட முடியாது. இன்னும் கேட்கவில்லை.