காலி வண்டி

2024 டிசம்பரில் கனடாவின் கால்கரி நகரில் என் தமக்கை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலை. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிர். பையன் தன் கனரக பிக்அப் வண்டியின் பின் டயர்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான்.

“குளிரில் காற்று தானாகவே குறையுமாமே, நீ வேறு இறக்கலாமா?” என்று கேட்டேன்.

“குறையும், மாமா. பத்து டிகிரி இறங்கினால் சாதாரணக் கார் டயரிலேயே ஏறக்குறைய 2 பவுண்டு போய்விடும். அதனால்தான் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்கிறேன். ஆனால் கதவோரம் ஒட்டியிருக்கும் 80 பவுண்டு, முழுப் பாரத்துக்கான கணக்கு. காலி வண்டிக்கு அவ்வளவு இருந்தால் டயரின் நடுப்பாகம்தான் தரையைப் பிடிக்கும். டயர்க் கம்பெனி அட்டவணைப்படி இன்றைக்கு 60 போதும்.”

“நாளை பாரம் ஏற்றினால்?”

“மறுபடி அடிக்க வேண்டும்.”

“மறந்துவிட்டால்?”

அவன் பதில் சொல்லவில்லை. மறந்தால் டயர் அமுங்கி, சூடேறி, வெடிக்கலாம். எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்?

விதி நம்மை அறியாது. ஆகவே மிகப் பெரிய பாரத்தை நினைத்தே அது எழுதப்படுகிறது. விஷயம் தெரிந்தவன் அதைத் தளர்த்தலாம், தவறில்லை. ஆனால் அதுவரை விதி சுமந்த ஜாக்கிரதையை அந்தக் கணம் முதல் அவனேதான் சுமக்க வேண்டும். நம்மில் பலர் தளர்த்துவதோடு நின்றுவிடுகிறோம்.

பையன் உள்ளே போய், ‘பின் டயர் 60’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவந்து ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டினான்.

நான் தளர்த்திக்கொண்ட விதிகளும் பல உண்டு. சீட்டு ஒன்றுகூட ஒட்டியதில்லை.