முட்டைக்குள் ஒரு மூச்சு



தலைக்கு மேலே இறக்கையை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை இவர்கள் பார்க்கவில்லையா என்று ஸூரத்துல் முல்க்கில் வல்ல நாயன் கேட்கிறான். உறங்குமுன் இந்த ஸூராவை ஓதும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. ஓதுகிறோம், பார்க்கிறோமா?

ரெட்டிபாளையத்துக்காரர்கள் பார்ப்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்திலேயே கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் சரணாலயம் அது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வந்து அங்கே இறங்குகின்றன. இவை 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததை அறிஞர்கள் அளந்தே கண்டிருக்கிறார்கள். அந்த உயரத்தில் நமக்கு நாலடி நடந்தாலே மூச்சு முட்டும்.

நாம் இழுக்கும் காற்று போன வழியே திரும்புகிறது. பழையதும் புதியதும் கலந்துவிடுகிறது. பறவைக்கு அப்படியில்லை. நுரையீரலோடு காற்றுப்பைகள் பல இணைந்திருக்கின்றன. காற்று பின்பைகளுக்குப் போய், நுரையீரல் வழியே ஒரே திசையில் நடந்து, முன்பைகளைக் கடந்து வெளியேறுகிறது. ஆகவே மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக்காற்றே ஓடுகிறது. எலும்புகள் பலவும் உள்ளே கூடானவை. பல்லும் இல்லை. கோழியைச் சுத்தம் செய்யும் தாய்மார்கள் கெட்டிச் சதையாலான ஒரு பையைக் கீறும்போது பொடிக்கல்லும் மணலும் கண்டிருப்பார்கள். அதுதான் கோழிக்கு அம்மி.

முட்டையின் கதை இன்னும் வியப்பானது. ரெட்டிபாளையத்துப் பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். முன்னொரு காலத்தில் இந்த வட்டாரத்தைக் கடல் மூடியிருந்தபோது வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகளும் அதில் கலந்திருக்கின்றன. சிமெண்டுக்காக வெட்டப்படும் அந்தக் கல்லின் சரக்கும் முட்டை ஓட்டின் சரக்கும் ஒன்றே! அங்கே வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு கோழி, தான் தின்றதிலிருந்தும் தன் எலும்பிலிருந்தும் அந்தச் சுண்ணாம்பை எடுத்து, சுமார் 20 மணி நேரத்தில் ஓட்டைக் கட்டி முடிக்கிறது.

அந்த ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கரு அவற்றின் வழியே சுவாசிக்கிறது. நம் உடற்சூடு 37 பாகை. கோழிக்கோ ஏறத்தாழ 41. அடைக்கோழியின் வயிற்றில் இறகு உதிர்ந்து, தோலின் சூடு நேராக முட்டையில் படுகிறது. கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முட்டைகளை அது அடிக்கடி உருட்டி வைக்கிறது. 21-ம் நாள் நெருங்கும்போது குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையில் அலகை நுழைத்துத் தன் முதல் மூச்சை வாங்குகிறது. பிறகுதான் ஓட்டை உடைக்கிறது. இதை எந்த மதரஸாவில் படித்தது?

இவ்வளவு பாடுபட்டு வந்த உயிரைத்தான் ஏரிக்கரையில் சிலர் வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். கேட்டால், “வாத்து ஹலால்தானே?” என்கிறார்கள். ஹலால்தான். தேவைக்கு அறுத்து உண்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது தாய்ப்பறவை இறக்கையை அடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. ஹலால் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த ஹதீஸைத் தாண்டிப் போக முடியுமா? சரணாலயத்தில் வேட்டையாடுவது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பிள்ளைகள் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை வீட்டுக்குத் தூக்கி வந்தால் அடிக்காதீர்கள். இறகு முளைக்காத குஞ்சானால் அதே கூட்டில் வைக்கச் சொல்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகு வளர்ந்து தத்தித் திரியும் குஞ்சானால் பூனைக்கு எட்டாத கிளையில் விட்டுவிட்டு விலகி நிற்கட்டும். அருகிலேதான் எங்கேனும் தாய் இரையோடு காத்திருக்கும்.